பத்தை இரண்டாகப் பிரித்தவர்கள்

குனோங் ராபாட் என்றதும் ஈப்போக்காரர்களுக்கு ஹியோங் பியா பிஸ்கட்டும் சுண்ணாம்புக் குன்றுகளின் குகைக் கோயில்களும் ஞாபகம் வரும். அந்தக் குன்றடி வீடுகளில் நான்காம் படிவப் பிள்ளைகள் ஆட் மேட்ஸ் புத்தகத்தை விரித்தால் கேட்பதோ ‘பி ஸ்குவேர் மைனஸ் ஃபோர் ஏசி’. இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி அது. நேர்மம் என்றால் இரண்டு விடை, பூஜ்யம் என்றால் இரண்டும் ஒன்றே, எதிர்மம் என்றால் மெய்யான விடையே கிடையாது. கணக்கைப் போடாமலேயே அதன் முடிவைச் சொல்லிவிடும்.

பாபிலோன் எழுத்தர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏறக்குறைய கி.மு. 1800ஆம் ஆண்டின் களிமண் பலகை ஒன்று, சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் எவ்வளவு என்று கேட்கிறது. விடை அரை. விடை வரும்படியான கணக்கை மட்டுமே கொடுத்தால் வராத கணக்கைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

கவலைப்பட்டவர் பாக்தாத்தின் அல்-குவாரிஸ்மி. கி.பி. 820ஐ ஒட்டி அவர் எழுதிய நூலில் ஒரு கணக்கு: எக்ஸின் வர்க்கத்தோடு 21ஐக் கூட்டினால் 10 எக்ஸ். வேறு விதமாகச் சொன்னால், பத்தை இரண்டாகப் பிரி, பெருக்கினால் 21 வரவேண்டும். விடை 3, 7. வழியையும் சொல்கிறார்: பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதிலிருந்து 21ஐக் கழி. கூடவே ஓர் எச்சரிக்கை. அந்த 25 கழிக்கவேண்டிய எண்ணைவிடச் சிறியதானால் கணக்கே நடக்காது. சமமானால் பாதிதான் விடை. தன்மைகாட்டியின் வேலை முழுவதும் இதிலேயே முடிந்துவிட்டது. பெயர்தான் இல்லை.

சரி, ‘ஃபோர் ஏசி’யின் அந்த நான்கு எங்கிருந்து வந்தது? பாதியாக்கினால் பின்னம் வரும் என்று சமன்பாட்டையே ‘நான்கு ஏ’யால் பெருக்கச் சொன்னவர் இந்தியாவின் ஸ்ரீதரர். அவருக்கு முன்பே, 628இல், பிரம்மகுப்தர் இருபடிக்கு விதி கொடுத்திருந்தார். ஸ்ரீதரரின் இயற்கணித நூல் தொலைந்துபோனது. 1150இல் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அவர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டியதால் விதி மட்டும் தப்பியது. இத்தனை நாணயமாக நடந்துகொண்டவர் பெயரில்தான் பிரேசில் பள்ளிகள் இன்று அந்தச் சூத்திரத்தை ‘பாஸ்கரா சூத்திரம்’ என்கின்றன! ஸ்ரீதரருக்கு அங்கே இடமில்லை.

பாக்தாத் நூலோ ஸ்பெயினுக்குப் போனது. 1145இல் செகோவியாவில் செஸ்டர் ராபர்ட் அதை லத்தீனாக்கினார். படியெடுத்தவர்கள் அந்தப் பத்தையும் விடவில்லை. 1545இல் இத்தாலியின் கார்டானோ அதே பத்தை எடுத்து, பெருக்கினால் 40 வரும்படி பிரிக்கச் சொன்னார். 25இலிருந்து 40ஐக் கழிக்க முடியாது; அல்-குவாரிஸ்மி பேனாவைக் கீழே வைத்திருப்பார். கார்டானோ வைக்கவில்லை. எதிர்ம எண்ணுக்கும் வர்க்கமூலம் எழுதிப் பெருக்கினார், 40 வந்தது! உபயோகமற்ற வேலை என்று அவரே நினைத்தார். கற்பனை எண்கள் அங்கே எட்டிப்பார்த்தன.

தன்மைகாட்டிக்குப் பெயர் வைத்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். 1837இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம், ஆனால் யூதர் என்பதால் பட்டம் கிடையாது. காப்புறுதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்து, சட்டமும் படித்து, 1851இல் ‘டிஸ்கிரிமினண்ட்’ என்று எழுதினார். அவர் மனதில் இருந்தவை இதைவிடப் பெரிய கோவைகள். நம் இருபடி அவற்றில் மிகச் சிறியது.

அவருக்குப் பட்டம் மறுத்த அதே கேம்பிரிட்ஜின் தேர்வைத்தான் பின்னாளில் ஈப்போவின் ஆங்கிலப் பள்ளிகள் எழுதின. தமிழ்ப் பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். ஆகவே தமிழ்ப் பள்ளிப் பிள்ளை தன்மைகாட்டியைச் சந்திப்பது எப்போதும் வேறு மொழியில்தான். தாத்தா ஆங்கிலத்தில் படித்திருப்பார், அப்பா மலாயில் ‘பெம்பெசாலாயான்’ என்று. 2003க்குப் பிறகு சில ஆண்டுகள் மறுபடியும் ஆங்கிலம்.

தேர்வில் அடிக்கடி வருவது, தன்மைகாட்டி பூஜ்யமாகும் நடு வகைதான்: சமன்பாட்டுக்குள் ‘கே’ என்றோர் எழுத்தை ஒளித்துவைத்து, மூலங்கள் சமமானால் அதன் மதிப்பென்ன என்பார்கள். அல்-குவாரிஸ்மி ஒரே வரியில் கடந்துபோன இடம். இங்கே முழு மதிப்பெண் உண்டு.