ஏசி வாங்கப் போறீங்களா? கடைக்குக் கிளம்பும் முன் இ.பி. கார்டை எடுத்துப் பாருங்க!

சேலம், நாமக்கல் பக்கம் மார்ச் பாதியிலேயே ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் மாடி, பத்து மணிக்கும் அனலாகக் கொதிக்கிறது. கடன் வாங்கியாவது ஒரு ஏசி போட்டுடலாம் என்று கடைக்குப் போனால், முதல் கேள்வியே "த்ரீ ஸ்டாரா, ஃபைவ் ஸ்டாரா?" என்பதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கடையில் காசு கொடுப்பது ஒரு தடவைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும்.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீங்க. மத்திய அரசின் எரிசக்தி திறன் செயலகம் தரும் அந்த லேபிளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ஐ.எஸ்.இ.இ.ஆர். ஏசி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதன் கணக்கு இது. எண் கூடினால் மின்சாரம் மிச்சம். இன்னொன்று, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது. இது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஏசி ஓடும் என்ற கணக்கில் போடப்படுகிறது. அதாவது, தினம் எட்டு மணி நேரம் வீதம் 200 ராத்திரி.

இன்னொரு விஷயம், லேபிள் எந்த வருஷத்துக்கானது என்பதையும் பாருங்க. ஸ்டார் அளவுகோல் 2022 ஜூலையிலும், 2026 ஜனவரியிலும் கடுமையாக்கப்பட்டது. பழைய ஸ்டாக்கில் இருக்கும் ஃபைவ் ஸ்டார், புதிய கணக்குப்படி ஃபைவ் ஸ்டாராக இல்லாமல் போகலாம். ஸ்டார் மாறினாலும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண் ஏமாற்றாது. அதை வைத்து ஒப்பிடுவதுதான் நல்லது.

500 யூனிட்... அங்கதான் சிக்கல்!

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலையில் மாறிய கட்டண அமைப்புப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல்தான். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அதே 100 யூனிட்டுக்கு நாலரை ரூபாய்க்கு மேல் கட்டணும். 501-லிருந்து யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 601-லிருந்து ஒன்பதுக்கு மேல்.

ஏசியின் யூனிட் எப்போதும் வீட்டின் மற்ற செலவுக்கு மேலேதான் போய் உட்காரும். அதனால் அது எந்தப் படியில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் ஓடும் வீடு. லேபிளில் ஆண்டுக்கு 750 யூனிட் போட்ட ஏசி ஒன்று, 950 போட்டது ஒன்று. தினம் எட்டு மணி நேரம், 60 நாள் ஓட்டினால் முதலாவது 225 யூனிட், இரண்டாவது 285 யூனிட் எடுக்கும். மொத்தம் 485, இல்லையென்றால் 545. வித்தியாசம் வெறும் 60 யூனிட்தான். ஆனால் பில்லில் சுமார் 700 ரூபாய் கூடிவிடும்! (கத்திரி வெயிலில் லேபிள் கணக்கைவிடக் கூடவே ஓடும் என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.)

அப்போ த்ரீ ஸ்டார் வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஏப்ரல், மே மட்டும்தான் போடுவோம், ஏசி போட்டாலும் 400 யூனிட்டைத் தாண்டாது என்றால், வருஷத்துக்கு மிச்சமாவது முந்நூறு ரூபாய்க்குள்தான். அதற்காகக் கடையில் எட்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வரவே வராது. த்ரீ ஸ்டார் இன்வெர்ட்டர் போதும். வீட்டில் வயசானவங்க, கைக்குழந்தை இருந்து வருஷத்தில் ஏழு எட்டு மாதம் ஓடும், பில்லும் ஏற்கெனவே 500-ஐ ஒட்டித்தான் வருகிறது என்றால் ஃபைவ் ஸ்டார்தான் லாபம்.

ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?

டன் என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவு குளிர்ச்சி. 10-க்கு 12 அடி அறை, மேலே இன்னொரு தளம் இருக்கிறது என்றால் ஒரு டன் பெரும்பாலும் போதும். அதே அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் ஒன்றரை டன் கேட்கும். அதற்கு முன்னால் மாடியில் வெள்ளைக் கூலிங் பெயிண்டோ, வெள்ளை ஓடோ போட்டுப் பாருங்க. ஏசிக்கு வேலை குறையும்.

ஏர் கூலர் போதாதா?

சென்னைக்காரங்க கேட்டால் போதாது என்று சொல்லலாம். நம்ம பக்கம் கடற்கரை இல்லை. ஏப்ரல், மே பகலில் காற்று வறண்டு இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குளிரவைக்கும் கூலருக்கு அதுதான் தோது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தினால், ஏசியில் ஒரு சிறு பங்கு மின்சாரம்தான். ஐப்பசி மழை ஈரத்தில் இது எடுபடாது, தண்ணீர் பஞ்சம் வேறு இருக்கிறது. பட்ஜெட் இடிக்கிறவங்க இதையும் யோசிக்கலாம்.

கோழிப்பண்ணை, தறிப்பட்டறை பக்கத்தில் வீடா?

இதைக் கடையில் யாரும் கேட்க மாட்டாங்க. கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை அரிக்கும். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பண்ணையை ஒட்டி வீடு இருந்தால், வெளி யூனிட்டின் காயிலுக்கு அரிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா, காயிலுக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று கேட்டு வாங்குங்க. யூனிட்டைப் பண்ணைக் காற்று படாத பக்கம் மாட்டச் சொல்லுங்க. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை மாதிரி தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசிதான் வில்லன். காயிலில் பஞ்சு அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது, ஃபைவ் ஸ்டாரும் த்ரீ ஸ்டார் மாதிரி மின்சாரம் தின்னும். உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். வெளி யூனிட்டை சீசன் ஆரம்பிக்கும் முன் சர்வீஸ்காரரிடம் விட்டுடுங்க.

எத்தனையில் வைக்கணும்?

2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தி திறன் செயலகம். 26-ல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்க. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறவங்க நிறைய. சீக்கிரம் எல்லாம் குளிராது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.