இறங்கிய பாட்டரி: ஓர் ஈயப்பெட்டியின் வரலாறு

ஆங்கிலத்தில் பாட்டரி செத்துப்போகிறது. தமிழில் அது இறங்குகிறது. காய்ச்சல் இறங்கும், வெள்ளம் இறங்கும், கடித்த விஷம் இறங்கும். அந்த வரிசையில் பாட்டரியையும் கொண்டுபோய் நிறுத்திய பெயர் தெரியாத பட்டறைக்காரரை நாம் மெச்சவே வேண்டும். இறங்கியது மீண்டும் ஏறக்கூடும் என்ற குறிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. சிறிது காலம் கழிந்தால் ஏறாமலும் போகலாம் என்பதும் இருக்கிறது. வேதியியல் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

'பாட்டரி' என்ற சொல்லின் பிறப்பு போர்க்களத்தைச் சேர்ந்தது. 1749ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்னேற்றம் பெற்ற கண்ணாடித் தகடுகள் சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்து வைத்து, வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு வழங்கிய பெயரை அதற்குச் சூட்டினார். நம்முடைய கலைச்சொல் ஆக்கத்தார் பீரங்கியைக் கைவிட்டு 'மின்கலம்' என்றனர். கலம் என்பது பாத்திரம், கப்பல், அணிகலனும்கூட. ஒன்றை ஏற்றி வைத்து வேறோரிடத்தில் இறக்குவது என்ற பொருளில் பார்த்தால், இந்தச் சொல் மூலச்சொல்லைவிடப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பது நம் எண்ணம்.

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி. பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர் கார் வாங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூர் சென்றவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பிவந்து பொத்தானை அழுத்தினார். 'டிக், டிக்' என்று ஒலி வந்ததே தவிர வண்டி அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் அனைவரும் கேட்டது ஒரே கேள்வி: "புது வண்டியிலயா சார்?" தள்ளிப் பார்க்கலாம் என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். அது தானியங்கி கியர் வண்டி. அவ்வகை வண்டியைத் தள்ளி உயிர்ப்பிக்க இயலாது. பின்னர் மெக்கானிக் வந்து, வேறொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பினார். சிவப்பைச் சிவப்போடு சேர்த்தவர், கறுப்புக் கம்பியின் கடைசி முனையைப் பாட்டரியில் மாட்டாமல் தள்ளியிருந்த ஓர் எஞ்சின் இரும்பில் மாட்டினார். பாட்டரியிலிருந்து கசியக்கூடிய ஹைட்ரஜன் அருகே தீப்பொறி எழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வாங்கிய மாதத்தையும் பாட்டரியின் தேதியையும் பார்த்துவிட்டு, "பழுது இல்ல சார், தூங்க விட்டீங்க" என்றார். தூங்க விட்டதற்கு ஒரு பாட்டரி ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால், வழி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் பாரிஸ் வரை செல்கிறது.

காஸ்தோன் பிளாந்தே (1834-1889) என்ற பிரெஞ்சுக்காரர் இருபத்தைந்து வயதில், 1859இல், இரண்டு நீண்ட ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி இடையில் பட்டை வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் வாங்கிக்கொண்டது. கேட்டால் திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டு இத்தகைய கலங்கள் ஒன்பதை இணைத்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். (இதே மனிதர் அதற்கு நான்காண்டுகள் முன்பு பாரிஸை அடுத்த மெதோன் என்ற ஊரில் பறக்காத பெரும்பறவை ஒன்றின் புதையெலும்பைக் கண்டெடுத்திருந்தார். அப்பறவைக்கு இவர் பெயரை ஒட்டியே 'காஸ்தோர்னிஸ்' என்று பெயர்.)

பிளாந்தேயின் கலத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. அதை ஏற்றுவதற்கு நல்ல டைனமோ அன்று கிடையாது. ஆகவே ஒருமுறை மட்டும் பயன்படும் பழைய வகை மின்கலங்களைக் கொண்டே இதை ஏற்ற வேண்டியிருந்தது: குடத்து நீரைக் கொண்டு கிணற்றை நிரப்பும் வேலை. தகடுகள் பதமாவதற்கே மாதக்கணக்கில் ஏற்றி இறக்க வேண்டும். 1881இல் கமீய் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகே இது தொழிற்சாலைச் சரக்காயிற்று. அந்த ஆண்டு மே மாதம் மின்னேற்றிய ஃபோரின் கலங்கள் பெட்டியில் அடைக்கப்பட்டு, பாரிஸிலிருந்து கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்ஸனிடம் (பின்னாளில் கெல்வின் பிரபு) கொண்டுசேர்க்கப்பட்டன. கடல் தாண்டிவந்த பெட்டியில் மின்சாரம் அப்படியே இருந்தது அன்றைய செய்தித்தாள்களுக்குப் பெரும் வியப்பு.

இனி அமெரிக்கா. 1900இல் அந்நாட்டில் உற்பத்தியான கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. இந்த மூன்றாமிடத்து வண்டிக்கு ஒரு தீராத குறை, அதைத் தானாகக் கிளப்ப முடியாது என்பது. முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும் நெம்புகோலைத் தள்ளி வைக்க மறந்துவிட்டால், எஞ்சின் முன்கூட்டியே வெடித்துக் கைப்பிடியை எதிர்த்திசையில் உதைக்கும். அதனால்தான் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுமாறு ஓட்டுநர்களுக்குக் கற்பித்தார்கள். மணிக்கட்டை ஒட்டிய எலும்பில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு எலும்பு மருத்துவர்கள் இன்றும் 'ஓட்டுநர் முறிவு' என்ற பொருள்படும் பெயரையே வழங்குகின்றனர். நம் ஊர் லாரிகளில் விடியற்காலையில் 'ஹேண்டில் போட்டு' எஞ்சினைக் கிளப்பியவர்கள் பெரும்பாலும் கிளீனர் பையன்கள். அவர்களின் மணிக்கட்டு வரலாற்றை யாரும் எழுதிவைக்கவில்லை.

கைப்பிடி ஒழிந்ததற்கு ஒரு புராணம் உண்டு. டெட்ராய்ட்டில் பெல் ஐல் பாலத்தில் ஒரு பெண்ணின் கார் நின்றுவிட்டதாம், உதவ இறங்கிய பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளரைக் கைப்பிடி முகத்தில் தாக்கியதாம், அவர் இறந்ததாம், காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலாண்ட் நண்பரின் சாவால் மனம் நொந்து, கைப்பிடியை ஒழித்தே தீர்வதென்று சூளுரைத்தாராம். கதை 1910ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் நடந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. கார்ட்டரோ 1908இலேயே காலமானவர். தலபுராணம் படித்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஒரு பெரிய மாற்றத்துக்கு ஓர் உயிர்ப்பலியும், பாலத்தில் தவிக்கும் ஒரு பெண்ணும் தேவைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

உறுதியாகத் தெரிவது வேறு. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர், பணப்பெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கடையில் இழுப்பறையைத் திறக்க அன்று கையால் நெம்பி அழுத்த வேண்டியிருந்தது. அதற்குச் சிறிய மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். ஒரு நொடி மட்டுமே ஓடப்போகும் மோட்டாரைத் தாங்கும் அளவைவிடப் பன்மடங்கு வருத்தலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அங்கே அவர் கற்றுக்கொண்ட பாடம். காரை மின்சாரத்தால் கிளப்ப முயன்ற மற்றவர்கள் எஞ்சினளவு பெரிய மோட்டாரும் அதற்கேற்ற பாட்டரியும் வேண்டும் என்று கணக்கிட்டுச் சோர்ந்தபோது, கெட்டரிங்குக்குப் பணப்பெட்டி வழிகாட்டியது. கொட்டகை ஒன்றில் நண்பர்களோடு உழைத்து, 1911 பிப்ரவரியில் காடிலாக் வண்டியொன்றில் அதை ஓடவைத்தார். 1912ஆம் ஆண்டு மாடல் முதல் காடிலாக்கில் அது நிலையான உறுப்பாயிற்று. கிளப்பும்போது 24 வோல்ட், விளக்குக்கு 6 வோல்ட். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கிளப்பிய மோட்டாரே டைனமோவாக மாறி, செலவழித்ததைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுத்தது. கடன் வாங்கி உடனே அடைக்கும் இந்த ஏற்பாடுதான் உண்மையான கண்டுபிடிப்பு. ஹென்றி ஃபோர்டின் மலிவான மாடல் டி வண்டிக்கு இந்த வசதி 1919இல்தான் வந்தது.

இதனால் பெண்கள் கார் ஓட்ட முடிந்தது என்று எழுதுவது வழக்கம். இது விளம்பரக்காரர்கள் விட்டுச்சென்ற வாசகம் என்றே நமக்குப் படுகிறது. மணிக்கட்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் கூலிக்கு ஓட்டியவர்கள். வசதி படைத்த பெண்கள் அதற்கு முன்பே மின்கார் ஓட்டிக்கொண்டிருந்தனர். ஃபோர்டின் மனைவி கிளாராவே கணவரின் வண்டியை விடுத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்காரில்தான் சென்றுவந்தார். கெட்டரிங்கின் பாட்டரி அவர்களுக்குச் செய்தது, அவர்களுடைய அமைதியான வண்டியைச் சந்தையிலிருந்து மெல்ல வெளியேற்றியது. மலிவான பெட்ரோலும் மாடல் டியின் விலைச்சரிவும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனாலும் பெட்ரோல் காரின் கடைசிக் குறையை நீக்கி மின்காரைத் தோற்கடித்தது ஒரு மின்கலம் என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

கெட்டரிங்கின் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. சிறிய பெட்ரோல் காரைக் கிளப்ப ஏறத்தாழ 200 ஆம்பியர், 2 விநாடி என்று கொண்டால், செலவு ஓர் ஆம்பியர்-மணியில் ஒன்பதில் ஒரு பங்குதான். சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பிவிடும். மாறியது தூக்கம். பழைய வண்டி நிறுத்தப்பட்டால் ஒரு கடிகாரம் ஓடுமே தவிர மற்றபடி அது மரக்கட்டை. இன்றைய வண்டி பூட்டிய பின்னும் சாவியின் குரலுக்குச் செவிசாய்க்கிறது, திருட்டைக் கண்காணிக்கிறது, சிலவேளை செல்பேசி வழியாகத் தன் நிறுவனத்தோடு பேசுகிறது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து 50 மில்லியாம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. அதாவது ஒருமுறை கிளப்புவதைப்போல் பத்து மடங்கு. சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி என்றால், இருபது நாளில் 24 போய்விடும். எஞ்சியது விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுழற்றாது. வாங்கிய தேதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. புது வண்டியில் விழித்திருக்கும் கருவிகள் மிகுதியாதலால், பழையதைவிட இதற்கு ஆபத்து கூடுதல் என்றே சொல்லலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தெருவெங்கும் வண்டிகள் இப்படித்தான் ஊமையாயின.

இறங்கியதை உடனே ஏற்றாவிட்டால் என்ன நிகழ்கிறது என்பதும் பிளாந்தேயின் தகட்டிலேயே இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் நுண்ணிய துகளாகப் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. உடனே ஏற்றினால் படிந்தது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் துகள்கள் பெரும்படிகங்களாக இறுகி, பின்பு கரைய மறுக்கின்றன. வெயிலில் இது விரைவுபடும். அப்போதுதான் ஆங்கிலச் சொல் பொருத்தமாகிறது.

இப்போது மின்கார் திரும்பி வந்திருக்கிறது. அதன் அடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட பெரும் லித்தியம் பாட்டரி. ஆனால் அந்தப் பெரியதை வண்டியோடு இணைக்கும் விசைகள் மூடிக்கொள்ளவும், கணினி கண்விழிக்கவும் தனியே ஒரு 12 வோல்ட் பாட்டரி வேண்டும். பெரும்பாலான மின்கார்களில் அது இன்றும் பிளாந்தேயின் ஈயப்பெட்டிதான். அது இறங்கிவிட்டால், கீழே முந்நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம் நிறைந்திருந்தும், மேலே கதவைத் திறக்கவும் வழியில்லாமல் உரிமையாளர் நிற்க நேர்கிறது. சில நிறுவனங்கள் இந்தச் சிறியதையும் லித்தியமாக மாற்றி வருகின்றன. 2023இல் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் 12 போய் 48 வோல்ட் வந்திருக்கிறது.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது முறையாகாது. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். தமிழ் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததால் வந்த குழப்பம் சமையலறை வரை நீள்கிறது.) உலகில் இன்று பயன்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பாட்டரிக்கே போகிறது. கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில்தான் 1921இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டார். அந்தப் புகையை இந்தியா 2000இலும், கடைசி நாடாக அல்ஜீரியா 2021இலும் நிறுத்தின. பாட்டரியின் ஈயம் புகையாகப் போவதில்லை, திரும்ப உருக்கப்படுகிறது. முறையான ஆலையில் உருக்கினால் அது மறுசுழற்சிக்கு நல்ல முன்மாதிரி. பழைய பாட்டரியைக் கொடுத்தால் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்வது அந்த ஈயத்துக்காகவே. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகள் அதைத் திரும்பப் பெறும் கடமையை விற்பவர்மேல் சுமத்தின. 2022இல் புதிய விதிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. ஆயினும் கூடுதல் விலை சொல்லி வீட்டுவாசலில் வாங்கிப்போகும் பழைய இரும்புக்காரரிடம் போன பெட்டி எங்கே உடைக்கப்படுகிறது என்பதை எந்த ரசீதும் சொல்வதில்லை.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியாராய் என்ற ஊரில் பழைய கார் பாட்டரிகளை வெளியிலேயே உடைத்து ஈயம் எடுத்தனர். ஈயம் கலந்த மண்ணையும் சலித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர்.