பூக்கோவிலிருந்து கார்பெர்க் வரை: வடநாட்டு இடுப்புக் கத்தி

பின்லாந்தில் பூக்கோ, நார்வேயில் தொல்லெக்னிவ், சுவீடனில் ஊர்ப்பெயராலேயே மோரா. பெயர் எதுவானாலும் வடக்கு ஐரோப்பாவின் இடுப்புக் கத்தி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது: உள்ளங்கை அகல அளவுக்கு ஒற்றை வாய் அலகு, நடுவில் சற்றுப் புடைத்த மரப்பிடி, பிடியில் ஒரு பகுதியையும் உள்வாங்கிக்கொள்ளும் தோலுறை. அலகுக்கும் பிடிக்கும் இடையே, குத்தும்போது கை வழுக்காமல் தடுக்கும் குறுக்குத் தகடு கிடையாது. மரம் சீவுவதற்கென்று உருவான கத்திக்கு அது இடைஞ்சல்தான். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் பின்லாந்தின் தெற்கு ஆஸ்ட்ரோபோத்னியாவின் அடாவடிக்காரர்கள் பூக்கோவால் குத்திக்கொண்டார்கள். 'பூக்கோயுங்காரி' என்று அவர்களுக்குப் பெயரே ஏற்பட்டது.

இக்கத்தியின் சிறப்பெல்லாம் அதன் வாயில் இருக்கிறது. அலகின் பாதி அகலத்தில் தொடங்கும் தட்டையான சரிவு, இரு பக்கமும் நேராக இறங்கிக் கூரில் சந்திக்கிறது. மற்ற கத்திகளில் கூரை ஒட்டித் தீட்டப்படும் இரண்டாவது குறுஞ்சரிவு இதில் இல்லை. அதனால் தீட்டுபவர் கோணம் பார்க்க வேண்டியதில்லை; சரிவை முழுதாகக் கல்லில் படியவைத்துத் தேய்த்தால் போதும். சீவும்போதும் அதே சரிவு மரத்தின் மேல் படிந்து, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதைக் கையின் சிறு சாய்வுக்கே விட்டுவிடுகிறது. மெல்லிய கூர் என்பதால் எலும்பில் பட்டால் எளிதில் மழுங்கும், மடியும். மரவேலைக்கு இதைவிட நல்ல வாய் அமைவது அரிது.

எஃகு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தின் சிக்கனமும் இதில் பதிந்திருக்கிறது. கடின எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மென்மையான இரும்பைப் பற்றவைத்து அலகு செய்தார்கள்; கூர் மட்டும் எஃகாக இருந்தால் போதுமல்லவா? பிடிக்குள் செல்லும் வாலும் ஒல்லியானதே. அதைச் சுற்றி பிர்ச் மரமோ, அடுக்கி இறுக்கிய பிர்ச் பட்டையோ அமைந்ததால், உறைகுளிரிலும் விரல்கள் இரும்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. கலைமான் மேய்த்த சாமி மக்கள் கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் லெயுக்கு என்ற பெரிய கத்தியையும் உடன் வைத்திருந்தார்கள்.

பட்டறைத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைத் தொழிலாகியது. பின்லாந்தின் கவுஹவாவில் ஈசாக்கி யார்வென்பா 1879இல் தொடங்கிய தொழிற்கூடம், குதிரைத்தலைப் பிடியுள்ள பூக்கோவால் புகழ்பெற்றது. மோராவை அடுத்த ஓஸ்ட்னூரில் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் 1891இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் ஆலையைத் தொடங்கினார். கத்தி அங்கே பக்கத் தொழிலாகத்தான் பிறந்தது. அதே ஊரில் 1912இல் தோன்றிய கே. ஜே. எரிக்சன் நிறுவனத்துடன் அந்த ஆலை பின்னாளில் இணைந்து, இன்றைய மோராக்னிவ் ஆனது. நார்வேயின் ஹெல்லே 1932இல் தொடங்கியது.

கனடாவின் காட்டுவாழ்வு ஆசிரியர் மோர்ஸ் கோசான்ஸ்கி, விலை மலிந்த மோரா கத்தியையே தம் மாணவர்களுக்குப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் காட்டுவாழ்வுப் பயிற்சியாளர் ரே மியர்ஸின் கத்தி அதே ஒற்றைச் சரிவை எடுத்துக்கொண்டு, வாலை மட்டும் பிடியின் முழு அகலத்துக்கு விரித்தது. விறகின் மேல் கத்தியை வைத்து முதுகில் அடித்துப் பிளக்கும் பழக்கம் பரவியதே இந்த மாற்றத்துக்குக் காரணம். 1995இல் சுவீடன் விமானப்படை தன் விமானிகளுக்காக ஏற்றுக்கொண்ட ஃபால்க்னிவென் எஃப்1 ஒற்றைச் சரிவையும் கைவிட்டு, உடையாமைக்காகக் குவிந்த வாயைத் தேர்ந்தது. மோராக்னிவும் 2016இல் 3.2 மில்லிமீட்டர் தடிப்பில், முழுநீள வாலோடு கார்பெர்க் கத்தியை வெளியிட்டது. தீக்கம்பியை உரசிப் பொறி எழுப்ப அதன் முதுகு கூரான விளிம்போடு தேய்க்கப்பட்டிருக்கிறது. இந்தத் தடிப்பு விறகு பிளப்பவருக்கு உதவுகிறது. கரண்டி செதுக்குபவர்களோ இன்றும் மெல்லிய அலகும் மரப்பிடியும் கொண்ட பழைய மோராவையே விரும்பி எடுக்கிறார்கள்.