26 கேன் கனநீரும் ஒரு ஷிஃப்டிங்கும்

போன மாசம் எங்க டீமை வேற பில்டிங்குக்கு மாத்துனாங்க. கம்ப்யூட்டரெல்லாம் ஒரே ராத்திரியில போய்ச் சேர்ந்துடுச்சு. யாருக்கு ஜன்னலோர சீட்டு, யார் யாருக்குக் கீழேங்கற பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியல. ஆணி புடுங்கற எங்களுக்கே இந்தக் கதின்னா, அணுவைப் பிளக்கறவங்களுக்கு?

1940 ஜூன். பாரிஸ் ஹிட்லர் கையில விழுந்தாச்சு. அங்கே காலேஜ் த ஃபிரான்ஸில் ஜோலியோ, ஹால்பன், கோவார்ஸ்கி மூணு பேரும் யுரேனியத்துல தொடர்வினையை உண்டாக்க முடியுமான்னு பார்த்துட்டு இருந்தாங்க. நியூட்ரான் வேகத்தைக் குறைக்க அவங்ககிட்ட நார்வேயிலிருந்து வந்த 185 கிலோ கனநீர் இருந்துச்சு. அன்னிக்கு உலகத்துல இருந்த இருப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்!

போர்தோவில் புரூம்பார்க்னு ஒரு நிலக்கரிக் கப்பல். 26 கேன்களையும் மரத்தெப்பத்துல கட்டி வச்சாங்க; கப்பல் மூழ்கினாலும் சரக்கு மிதக்கணுமாம். ஹால்பனும் கோவார்ஸ்கியும் இங்கிலாந்து போயிட்டாங்க. ஜோலியோ மட்டும் ஃபிரான்ஸிலேயே தங்கிட்டார். கனநீர் முதல்ல லண்டன்ல ஒரு ஜெயில்ல, அப்புறம் வின்ட்சர் கோட்டையில பத்திரமா இருந்துச்சு :-)

கேம்பிரிட்ஜில் வேலை நல்லாவே நடந்தது. கனநீர் இருந்தா தொடர்வினை சாத்தியம்னு அந்த வருஷ டிசம்பர்லயே அவங்க சோதனை காட்டிடுச்சு. ஆனா, அமெரிக்காவுக்குப் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு 1942 கடைசியில குழுவை கனடாவுக்கு மாத்த முடிவாச்சு. 1943-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தோட புதுக் கட்டடத்துல குடியேறினாங்க.

தலைவர் ஹால்பன். அவருக்குக் கீழே வேலை பார்க்க கோவார்ஸ்கிக்கு இஷ்டமில்லை; வரமாட்டேன்னு கேம்பிரிட்ஜிலேயே நின்னுட்டார். போதாக்குறைக்கு அமெரிக்காக்காரங்களும் தகவல் தர்றதை நிறுத்திட்டாங்க. ஆகஸ்ட் 1943 கியூபெக் ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் மறுபடி கதவு திறந்தது. 1944-ல் ஹால்பன் இடத்துக்கு காக்ராஃப்ட் வந்தார். அதுக்கப்புறம்தான் கோவார்ஸ்கியும் கனடாவுக்குக் கிளம்பினார்.

கிளைமாக்ஸ் கேளுங்க. 1945 செப்டம்பர் 5, சாக் ரிவர்ல ஜீப்ங்கற சின்ன அணு உலை இயங்க ஆரம்பிச்சது. அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் உலை. அதைக் கட்டின அணிக்குத் தலைமை, 'வரமாட்டேன்'னு நின்ன அதே கோவார்ஸ்கி!

குண்டுக்கும் கடலுக்கும் தப்பிச்ச ஒரு குழு, கடைசியில தடுமாறினது நாற்காலியிலதான். தெப்பம் கட்டி கனநீரைக் காப்பாத்திடலாம். மனுஷங்களை எதுல கட்டிக் கொண்டு போறது?