கிட்டப்பாவின் கட்டையும் அம்பத்தூர் லேத் பட்டறையும்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டிருந்த ரெக்கார்டு பிளேயர் படத்தைப் போட்டேன். "டீச்சர், ரிட்டயர் ஆகி மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த பழக்கத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அந்த பிளேயரைக் கொண்டுவந்தான். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவிட்டோம். எம்.எஸ். அம்மாவின் 1963 சுப்ரபாதத் தட்டை வைத்தால், ஏதோ ஆண் பாடுகிற மாதிரி இழுக்கிறது! தட்டு கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

கெட்டது தட்டு இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், மின்சாரத்தின் துடிப்பை மாற்றாது. அங்கே நொடிக்கு 60 துடிப்பு, இங்கே 50. அந்தத் துடிப்பைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்ற வேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தபிறகு அங்கே டர்னராகச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூர் மார்க்கெட். பழைய பிளேயர், பழைய பிளேட்டு, கழற்றிய மோட்டார் என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவார். 1985 மே மாதம் அந்த மார்க்கெட் எரிந்தபோது வீட்டில் சாவு விழுந்த மாதிரி இரண்டு நாள் பேசவில்லை.

நம் நாட்டில் இசைத்தட்டுக் கதை 1902-ல் தொடங்குகிறது. அந்த நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவு இங்கே, தட்டு அச்சாவது ஜெர்மனியில். சில ஆண்டுகள் கழித்துத்தான் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. சென்னையில் 1932-ல் ஏவி.எம். மெய்யப்பன் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றார். அவர் படம் எடுக்க வந்தது பிறகுதான். தட்டுக்கான அரக்கு நம் காட்டு மரங்களிலிருந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது.

78 சுற்றுத் தட்டு என்கிறோம். ஆனால் ஆரம்ப காலத்தில் எல்லாரும் 78-லேயே பதிவு செய்யவில்லை. 70-ம் உண்டு, 80-க்கு மேலும் உண்டு. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் போய்விட்டார். பேசும் படம் தமிழுக்கு வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் மட்டும்தான். "அந்தக் காலத்துச் சாரீரம், என்ன உச்சம்!" என்று தாத்தா சொல்லும்போதெல்லாம் பெரியப்பா சிரிப்பார். "அது சாரீரமா, ஸ்பீடா? பாக்கணும் மாமா" என்பார். கிட்டப்பாவைக் குறைத்துப் பேசுகிறான் என்று தாத்தா எழுந்து போய்விடுவார். இருவருக்கும் இது பெரிய சண்டையாகவே இருந்தது. எனக்கு இப்போது தோன்றுகிறது, இரண்டு பேரில் கிட்டப்பாவை அதிகம் மதித்தவர் பெரியப்பாதான். அவர் உண்மையில் எந்தக் கட்டையில் பாடினார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாரே!

அதற்காகத்தான் அவரே ஒரு பிளேயர் கட்டினார். கனமான சுழல்தட்டு, அதன் அடியில் எஃகுத் தண்டு, தண்டு பித்தளை புஷ்ஷுக்குள், தண்டின் நுனி ஒரே ஒரு இரும்புக் குண்டின் மேல். அவ்வளவுதான் ரகசியம். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கும் அளவு இடைவெளி மட்டும் இருக்க வேண்டும். அதிகமானால் தட்டு ஆடும், பாட்டில் உறுமல் கேட்கும். எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். வண்டி போனால் முள் குதிக்கும். பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூபின் மேல் பலகை போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்தார். எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர் 1961-ல் சுருள்வில்லில் தொங்கும் பிளேயர் செய்து பேர் வாங்கியதைப் பின்னாளில் படித்தபோது பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு வில்ச்சூரைத் தெரியாது.

அவரைத் தோற்கடித்தது நம் ஊர்ப் புழுக்கம் ஒன்றுதான். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒருவகை உப்பு. ஈரமும் சூடும் பட்டால் செத்துப்போகும். ஐப்பசி மழை முடிந்ததும் ஒன்று வாங்கியாக வேண்டும். பெரியம்மா அதை தீபாவளிச் செலவுக் கணக்கிலேயே எழுதுவார்.

வேகம் பார்க்க ஒரு அட்டை வைத்திருந்தார். வட்டமாக 180 கோடுகள். 50 துடிப்பு மின்சாரத்தில் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்கும். 78-க்கு 77 கோடுகள். இப்போதைய எல்இடி பல்பில் பல சமயம் இது தெரிவதில்லை. சோக் வைத்த பழைய டியூப்லைட்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.

இனி அமெரிக்க பிளேயர். மோட்டார் புல்லியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறாகப் பெரிதாக்கினால் போதும். 10 மில்லி இருந்தால் 12 மில்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் (பேர் சொன்னால் கோபிப்பான், கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண் உங்களுக்குத் தெரியும்) பித்தளையில் கடைந்து கொடுத்தான். கொஞ்சம் தடித்துவிட்டது, கோடுகள் முன்னால் நகர்ந்தன. "டீச்சர், பத்துல ஒரு பங்கு மில்லிதான்" என்றான். மறுபடி எமரித் தாள் போட்டு மெருகிட்டு, மாட்டி, மறுபடி கழற்றி, நாலாவது தடவை கோடுகள் நின்றன. எம்.எஸ். அம்மா அவர் கட்டைக்குத் திரும்பினார். அவன் காசு வாங்கவில்லை. சுப்ரபாதம் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போனான்.

அடுத்து பெரியப்பா கட்டிய பிளேயர். தண்டு நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் உறைந்துவிட்டது. தாத்தாவின் கிட்டப்பா தட்டு ஒன்று விரிசலோடு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கிட்டப்பா, சுந்தராம்பாள் என்று எது இருந்தாலும் எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.