பத்திரிகை நடத்திய வாலிபர்கள்

நம் சங்க வெளியீட்டின் பொறுப்பை இருபது, இருபத்திரண்டு பிராயமுள்ள பிள்ளைகளிடம் ஒப்புவிக்கலாமா என்று சேக்காடு, பட்டாபிராம், ஆவடி முதலிய இடங்களிலுள்ள அங்கத்தினர் சிலர் வினவி வருகின்றனர். கட்டுரை எழுதத் தெரிந்தவனுக்குச் சந்தா வசூலிக்கத் தெரியுமா, அச்சுக்கூடத்தாரோடும் காகித வியாபாரியோடும் கணக்குப் பேச இயலுமா என்பதே அவர்கள் ஐயத்தின் சாரமாகும். இஃது அலட்சியஞ் செய்யத்தக்க வினாவன்று. நம் தேசத்துப் பத்திரிகைகளின் பூர்வ சரித்திரத்தை நோக்குவார்க்கு, இவ்வினா நம்முடையது மட்டுமன்று என்பது விளங்கும். ஆதலின் அச்சரித்திரத்திற் சில பகுதிகளை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

1878-ஆம் வருஷம் முத்துஸாமி ஐயர் அவர்கள் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றார். அப்பதவி இந்தியர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. வெள்ளையர் வசமிருந்த பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கண்டித்தெழுதின. அதற்கு மறுமொழி கூற வேண்டுமென்று திருவல்லிக்கேணி இலக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் கூடி, அவ்வருஷம் செப்டம்பர் மாதம் 20-ந் தேதி 'ஹிந்து' என்னும் வாரப் பத்திரிகையை வெளியிட்டனர். அறுவரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளிக்கூட உபாத்தியாயர், வயது 23. எம். வீரராகவாசாரியார் பச்சையப்பன் கலாசாலையில் போதகர், வயது 21. மற்றை நால்வரும் சட்டம் பயிலும் மாணாக்கர். வீரராகவாசாரியார் செங்கற்பட்டுக்காரர். நம் சேக்காடும் நெடுங்காலம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊரேயாதலின், அவரை நம் பக்கத்து மனிதரென்று சொல்லிக்கொள்வதிற் பிழையில்லை.

அவர்கள் கைம்முதல் யாதெனில், கடனாக வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணா. கறுப்பர் பட்டணத்துத் தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில் 80 பிரதிகள் அச்சிடப்பட்டன. பிரதி ஒன்றுக்கு விலை நாலணா. எண்பதும் ரொக்கத்துக்கே விலையாயினும் வரவு 20 ரூபாய்க்கு மேல் ஏறாது என்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லும். அந்த இருபதிலிருந்தே காகிதம், அச்சுக்கூலி, தபால் யாவும் நடைபெற வேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம் என்பது கனவிலும் இல்லை.

சட்ட மாணாக்கர் நால்வரும் காலக்கிரமத்தில் பரீக்ஷை தேறித் தத்தம் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியவர் ஆசிரியர்கள் இருவரே. பேனாவைச் சுப்பிரமணிய ஐயர் வைத்துக்கொண்டார். பேரேடு வீரராகவாசாரியார் கைக்கு வந்தது. அத்தொழிலை அவர் எவரிடமும் கற்றவரல்லர். கற்பிப்பாரும் அக்காலத்தில் நம்மவருள் அரியர். பத்திரிகைக் கணக்கு பிற வியாபாரக் கணக்கைப் போன்றதன்று. துணி விற்காவிடில் நாளைக்கு விற்கலாம். நேற்றைய பத்திரிகையை இன்று விற்க இயலாது. சந்தாதாரரோ படித்து முடித்த பின்னரே பணம் அனுப்ப நினைப்பர். பலர் நினைப்பதோடு நின்றுவிடுவர். (நம் சந்தாதாரர்களைக் குறித்து இங்கு யாதும் கூறினோமல்லோம்.) கம்போசிட்டருக்கும் காகிதக் கடைக்காரருக்கும் அவ்விதம் தவணை சொல்ல முடியாது. இந்த இடைவெளியைத் தன் முகதாக்ஷிணியத்தாலும் கடனாலும் நிரப்புகிறவனுக்கே மானேஜர் என்று பெயர்.

இந்நிலையிலும் பத்திரிகை வளர்ந்தது. 1883-இல் வாரம் மும்முறை வெளிவரலாயிற்று. அவ்வருஷமே மவுண்ட் ரோட்டுக்குக் குடிபுகுந்து, 'நேஷனல் பிரஸ்' என்னும் சொந்த அச்சுக்கூடமும் பெற்றது. 1889-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தினசரியாயிற்று. இதனிடையே 1882-இல் சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் ஆரம்பித்திருந்தார். பத்திரிகையின் கீர்த்தி ஏற ஏறச் செலவும் ஏறிற்று. வரவு அதனோடு ஏறவில்லை. சுப்பிரமணிய ஐயர் அஞ்சாமல் எழுதுகிறவர். மானநஷ்ட வழக்குகள் வந்தன. சமூகச் சீர்திருத்தத்தில் அவர் கொண்டிருந்த ஊக்கம் வைதிகரான வாசகர் பலருக்கு உவப்பாயில்லை. அவரோ எழுத்தளவில் நிற்பவரல்லர். சிறுவயதிலேயே கைம்மையுற்ற தம் குமாரத்திக்கு 1889-இல் பம்பாயில் மறுவிவாகஞ் செய்து வைத்தார். அதற்காக அவரைப் போற்றுகின்றோம். ஆயினும் அவ்வெழுத்தினால் விலகிச் சென்ற சந்தாதாரரின் பெயர்களை ஜாபிதாவிலிருந்து அடித்த கை வீரராகவாசாரியாருடையது என்பதை மறத்தலாகாது. ஆசிரியரின் தைரியத்துக்குரிய விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருக்கின்றனர்.

1898-இல் இருவர் கூட்டும் கலைந்தது. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னோடு சென்றார். 'ஹிந்து' வீரராகவாசாரியாருக்கே உரித்தாயிற்று. கருணாகர மேனன் ஆசிரியராக அமர்ந்தார். பின்னும் ஏழு வருஷம் அவர் பத்திரிகையைச் சுமந்தார். முடிவில் விற்பனை 800 பிரதிகளாகக் குறைந்திருந்தது. 1905-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, பத்திரிகையின் சட்ட ஆலோசகராயிருந்த எஸ். கஸ்தூரிரங்க ஐயங்கார் அதனை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். 800 பிரதிகள் விற்கும் பத்திரிகைக்கு 75,000 ரூபாயா என்று அன்பர்கள் வியக்கலாம். யந்திரத்துக்கும் எழுத்துக்கும் மட்டும் அவ்விலை கொடுப்பாரில்லை. அப்பெயருக்கு ஊரில் ஏற்பட்டிருந்த மதிப்பும் அதில் அடங்கியிருந்தது என்றே கொள்ள வேண்டும். ஒன்றே முக்கால் ரூபாயிலிருந்து அம்மதிப்பை உண்டாக்கியவர்களுள் வீரராகவாசாரியாரும் ஒருவர். சுப்பிரமணிய ஐயரைச் சரித்திரம் நன்கு நினைவில் வைத்திருக்கிறது. மற்றவரை அவ்வளவு நினைப்பாரில்லை. இது நியாயமன்று என்பது நம் கருத்து.

கஸ்தூரிரங்க ஐயங்கார் வாலிபரல்லர். அப்போது அவருக்கு வயது 45. அவருடைய வெற்றியைச் சுட்டி, வயதே காரணமென்று வாதிப்பாருமுளர். அவரும் அதற்குமுன் பத்திரிகை நடத்தியவரல்லர் என்பதை அன்னார் கவனிப்பாராக.

நிர்வாகமென்பது பணத்தோடு நிற்பதுமன்று. 1867-ஆம் வருஷத்து அச்சுச் சட்டப்படி பத்திரிகையை அச்சிடுவோரும் வெளியிடுவோரும் மாஜிஸ்திரேட்டு முன் பிரமாணஞ் செய்து கையொப்பமிட வேண்டியிருந்தது. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையை எழுதியவர் 23 வயதுள்ள சுப்பிரமணிய பாரதியார். சர்க்கார் தஸ்தாவேஜில் இருந்த பெயரோ எம். சீனிவாசன் என்பவருடையது. 1908-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது ஐந்து வருஷம் தண்டனை அடைந்தவர் அந்தச் சீனிவாசனே. பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். பத்திரிகையும் அங்கே மீண்டும் அச்சாயிற்று. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரலாகாதென்று தடை ஏற்படவே, வாசகரை இழந்து 1910-இல் நின்றது. பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுப்போர், எந்தத் தாளில் எவர் கையொப்பமிடுகின்றார் என்பதை முதலில் பார்த்தல் நலம்.

சமூகப் பத்திரிகைகளின் பாடு இன்னுங் கடினம். 1907-இல் அயோத்திதாஸ பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வாரப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். 64 பிரதிகள் விற்றால் ஒரு ரூபாய். ஒருவர் வருஷமுழுதும் தவறாது வாங்கினாலும் பதின்மூன்றணாவே கிடைக்கும். ஏழைகளும் வாங்க வேண்டுமென்று வைத்த விலை அது. அடுத்த வருஷம் பெயர் 'தமிழன்' என்று சுருங்கிற்று. 1914-இல் பண்டிதர் காலஞ்சென்றபின் குமாரர் பட்டாபிராமன் அச்சுமையை ஏற்றுச் சிறிது காலம் நடத்தினார். மறுவருஷம் அது நின்றுபோயிற்று. எனினும் வாசகர் அதனை மறந்தாரல்லர். 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

இவர்களினின்று வேறுபட்டவர் எஸ். எஸ். வாசன். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் ஆரம்பித்த 'ஆனந்த விகடன்' தள்ளாடி நின்றபோது, 1928-இல் அதனை வாங்கினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. விளம்பரத் தொழிலில் இருந்தவராதலின் அவர் எழுத்திலிருந்து கணக்குக்கு வரவில்லை. கணக்கிலிருந்து எழுத்துக்கு வந்தார். ஆனந்த விகடன் என்னும் பெயரில் எட்டு எழுத்துக்கள். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தாரென்று சொல்வதுண்டு. பின்னர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியைத் தேடி ஆசிரியராக்கிக்கொண்டார். அவ்விருவரும் பிரிந்தபின், கல்கி 1941-இல் தம் பெயரால் பத்திரிகை தொடங்கியபோது நிர்வாகத்தைத் தாம் தொடவில்லை, அது தி. சதாசிவத்தின் பொறுப்பாயிற்று. அதற்கு வேண்டிய முதல் கையில் இல்லாமையால், சதாசிவத்தின் மனைவியாராகிய எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' என்னும் படத்தில் நாரதர் வேஷம் பூண்டு நடித்து, அவ்வூதியத்தைக் கொடுத்துதவினார்.