மார்ஷல் என்பது பதவியா, பெயரா?

மாணவர்களே, பனிப்போர் பற்றிய விடைகளில் 'மார்ஷல் திட்டம்' என்று எழுதுகிறோம். சிலர் அதை ஒரு ராணுவப் பதவின்னு நினைச்சுக்கிறாங்க. இல்லை. அது ஜார்ஜ் மார்ஷல் என்ற அமெரிக்கத் தளபதியின் குடும்பப் பெயர். ஆளைத் தெரிந்துகொண்டால் திட்டமும் மனத்தில் நிற்கும்.

1880-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1901-இல் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். முதல் பணி பிலிப்பைன்ஸில். முதல் உலகப் போரில் பிரான்சில் படை நகர்வுகளைத் திட்டமிடுவதில் பெயர் பெற்றார்.

1939 செப்டம்பர் 1-இல், ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், தரைப்படையின் தலைமைத் தளபதியானார். அப்போது 2 லட்சத்துக்கும் குறைவாக இருந்த படை, 1945-க்குள் 8 மில்லியனைத் தாண்டியது. நார்மண்டிப் படையெடுப்புக்கு அவரே தலைமை தாங்குவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் விருப்பத்தைக் கேட்டபோதும், 'எனக்கு வேண்டும்' என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு ஐசன்ஹோவருக்குப் போனது.

போருக்குப் பின் சீனாவில் கோமிந்தாங் கட்சிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சமரசம் பேசப் போனார்; பலிக்கவில்லை. 1947-இல் வெளியுறவு அமைச்சரானார். அவ்வாண்டு ஜூன் 5-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பாவுக்கான உதவித் திட்டத்தை முன்வைத்தார். 1948 முதல் சுமார் 13 பில்லியன் டாலர் போனது. தோற்றுப்போன மேற்கு ஜெர்மனிக்கும் பங்கு கிடைத்தது.

இங்கேதான் கவனமா இருக்கணும். 'அமெரிக்காவின் கருணை' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். 'தன்னலம்' என்று மட்டும் எழுதினாலும் அப்படித்தான். பசியிலும் வேலையின்மையிலும் வாடும் மக்கள் கம்யூனிசத்தின் பக்கம் சாய்வார்கள் என்ற அச்சம் வாஷிங்டனுக்கு இருந்தது. ஐரோப்பா மீண்டால்தான் அமெரிக்கச் சரக்கை வாங்க முடியும் என்ற கணக்கும் இருந்தது. அதே சமயம் அழைப்பு சோவியத் யூனியனுக்கும் போனது. அதை மறுத்தது ஸ்டாலின் அரசு. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அதன் நெருக்குதலால் விலகின. இந்த இரு பக்கத்தையும் சான்றோடு எழுதிவிட்டு, எது வலுவான காரணம் என்று உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

1953-இல் மார்ஷலுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த விழாவிலேயே எதிர்ப்பாளர்கள் துண்டறிக்கை வீசினார்கள். 1959-இல் அவர் காலமானார்.

ஆசிரியர்களே, வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்க: போரை நடத்தத் திட்டமிட்ட ஒருவருக்கு அமைதிப் பரிசு பொருந்துமா? காரணம் காட்டி விவாதிக்க.